உழுது வித்திட்ட அரண்: பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் புறத்திணை மரபும்

1. முன்னுரை

கோட்டை என்றதும் தமிழ் கற்றோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன மலையும் மதிலுமே. மூன்று குன்றுகளை ஒருங்கே வளைத்துக் கிடக்கும் செஞ்சி, காவிரியை நோக்கி நிற்கும் திருச்சிராப்பள்ளிப் பாறை, திண்டுக்கல், நாமக்கல், சங்ககிரி ஆகிய இவையெல்லாம் குன்றின் உயர்வையே தம் முதல் மதிலாகக் கொண்டவை. மேனாட்டிலும் இந்நிலையே காண்கின்றோம். ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் இருமருங்கும் குன்றுகள்தோறும் இடைக்காலக் கோட்டைகள் இடிந்து நிற்கின்றன. அவற்றுட் பலவற்றை 17, 18ஆம் நூற்றாண்டுப் போர்களில் பிரெஞ்சுப் படைகள் தகர்த்தன. தகர்த்த பின்னரும் கல் எஞ்சிற்று. காணச் செல்வோர் அக்கல்லைக் கண்டு பழமையை உணர்ந்து மீள்கின்றனர்.

எட்டயபுரமும் கோவில்பட்டியும் சார்ந்த கரிசல் நிலத்தில் கோட்டை காணப் புறப்படுவார்க்கு இந்த வாய்ப்பு இல்லை. இந்நிலத்தின் புகழ்மிக்க அரணாகிய பாஞ்சாலங்குறிச்சி மலைமேல் எழுந்ததன்று, கல்லால் ஆனதுமன்று. வெட்டவெளியில் மண்ணால் எழுந்து, மண்ணோடு மண்ணாக்கப்பட்டது. முதுகலை மாணவர் சிலருடன் எட்டயபுரத்திலிருந்து தெற்கே ஒட்டப்பிடாரம் வழியாக அவ்விடம் சென்றபோது, வண்டியை விட்டு இறங்கிய மாணவர் ஒருவர் சுற்றுமுற்றும் நோக்கி, “ஐயா, கோட்டை எங்கே இருக்கிறது?” என்று வினவினார். எளிய வினாவே. ஆயினும் அதற்கு விடை கூற முயன்றபோது வரலாறு, புறத்திணை இலக்கணம், நாட்டார் வழக்கு ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்க வேண்டியதாயிற்று. அந்நோக்கின் பயனே இக்கட்டுரை.

2. நிலமும் அரணும்

வடக்கே வைப்பாறும் தெற்கே தாமிரபரணியும் ஓட, அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மேட்டு நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இதன் உயிர்நிலை. கண்மாயும் ஊருணியும் அம்மழையைத் தேக்கி வைப்பன. பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் விளையும் கரிசல் மண், ஈரம் பட்டால் உப்பிக் குழையும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை போன்ற குன்றுகள் அரியவாய் ஆங்காங்கு உள. கழுகுமலையில் இன்று நாம் காண்பன பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் சமணத் திருமேனிகளும் முருகன் கோயிலும் ஆகும். இந்நாட்டுக் குன்று தெய்வத்திற்கு இடமாயிற்று. அரசியல் சமவெளியில் நடந்தது.

திருக்குறளில் அரண் என்னும் 75ஆம் அதிகாரம் நீர், மண், மலை, காடு என்னும் நான்கினையும் அரணுக்கு உறுப்பாக எண்ணுகின்றது. அவற்றுள் மண் என்பதற்கு மதிற்புறத்துக் கிடக்கும் வெள்ளிடை நிலம் எனப் பரிமேலழகர் பொருள் கொள்வர். மறைவிடம் ஏதுமில்லாத வெட்டவெளியும் ஒரு காவல் என்பது அவ்வுரையாற் பெறப்படும். நெருங்கி வரும் பகைவன் தொலைவிலேயே கண்ணிற் படுவான், தங்க நிழலில்லை, பருக நீரில்லை. மலையும் வற்றாத நீரும் வாய்க்கப்பெறாத பாளையத் தலைவர் இந்த வெள்ளிடை நிலத்தையே தமக்கு உறுதியாகக் கொண்டனர்.

பாளையங்கள் 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில், விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் வகுத்த முறையில் அமைந்தன என்பர். அவை எழுபத்திரண்டு என்பது மரபு. ஒவ்வொரு பாளையமும் தனக்கென ஒரு கோட்டையும் காவற்படையும் கொண்டிருந்தது. இடைக்காலத் தமிழகத்து ஆட்சிமுறையின் இறுதிக் கிளை இதுவே. அக்கிளை முறிந்த இடங்களுள் தலையாயது பாஞ்சாலங்குறிச்சி.

3. மண்ணரணின் இயல்பு

இக்கோட்டையின் அமைப்பை விரிவாக எழுதி வைத்தவர் அதனைத் தாக்க வந்த படையைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி. 1801இல் அவர் இளைஞர். தம் போர் நினைவுகளை 1830இல் நூலாக வெளியிட்டார். அவர் கூறுமாற்றான், கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் உடையது; முழுவதும் இறுகிப் பிடிக்கும் தன்மையுள்ள மண்ணால் ஆனது; மதிலின் உயரம் ஏறத்தாழ 12 அடி; இடையிடையே சதுரமான சிறு கொத்தளங்கள் இருந்தன.

செஞ்சியைக் கண்டவர்க்கு 12 அடி மதில் சிறிதாகவே தோன்றும். அரணுக்கு உயர்வு, அகலம், திண்மை, அருமை என நான்கு பண்புகளை வள்ளுவர் வேண்டுவர். அவற்றுள் உயர்வு இதற்கு இல்லை. எனினும் திண்மை உண்டு என்பதைப் பீரங்கியே மெய்ப்பித்தது. கல்மதிலின்மேல் மோதும் குண்டு கல்லைப் பிளந்து, இணைப்புகளைத் தளர்த்தி, மதிலைச் சரியச் செய்யும். மண்மதிலில் பாயும் குண்டோ மண்ணுள் புதைந்து நின்றுவிடும். மதில் குண்டை விழுங்கும் என்று கூறினும் பொருந்தும். இது தென்னாட்டின் தனி இயல்பன்று. 1805இல் பரத்பூரின் மண்கோட்டையை லேக் பிரபுவின் படை நான்கு முறை தாக்கியும் கைப்பற்ற இயலாது திரும்பியதை வரலாறு கற்றோர் அறிவர்.

மண்ணரணுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. இக்கட்டுரைக்கு அதுவே இன்றியமையாதது. கல்மதில் ஒருமுறை கட்டினால் பல தலைமுறை நிற்கும். கட்டியவர் மறைந்தாலும் அது மறையாது. மண்மதில் அவ்வாறன்று. ஒவ்வொரு மழைக்காலமும் அதனைக் கரைக்கும். ஒவ்வோர் ஆண்டும் மண் சுமந்து, குழைத்து, அப்பிப் பூசுவார் இருத்தல் வேண்டும். பேணுவார் நீங்கின் சில ஆண்டுகளில் அது மேடாகிப் பின் வயலாகும். ஆகவே மண்கோட்டையின் உறுதி அதனைச் சூழ்ந்த ஊர்களில் உள்ள கைகளின் உறுதியே ஆகும். இவ்வியல்பை உணர்ந்தாலன்றிப் பாஞ்சாலங்குறிச்சியின் வரலாறு விளங்காது.

4. மும்முறை வீழ்ச்சியும் ஒருமுறை எழுச்சியும்

1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் இக்கோட்டையைக் கைப்பற்றினார். அப்போது கொழும்பிலிருந்த டச்சுக்காரர்க்கும் பாளையத் தலைவர்க்கும் ஏற்பட்ட உடன்படிக்கை ஒன்று உள்ளே கிடைத்தது. கரிசற்காட்டு மண்மதிலுக்குள் கடல் கடந்த அரசியலும் நடந்தது என்பதற்கு அஃது ஒரு சான்று.

1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுக்கும் வீரபாண்டிய கட்டபொம்மனுக்கும் நடந்த சந்திப்புக் கைகலப்பில் முடிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதலில் ஐரோப்பிய அதிகாரிகள் சிலர் உயிரிழந்தனர், கோட்டை பணியவில்லை. எனினும் மேலும் படை வருவதறிந்து கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். வழியில் கோலார்பட்டியில் எட்டயபுரத்துப் படையினர் அவரை எதிர்த்தனர். பின்னர்ப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கம்பெனியாரிடம் ஒப்படைக்கப்பட்டார். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன்னரே அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டிருந்தார். கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

கல்கோட்டையாயின் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் 1801 பிப்ரவரி 2ஆம் நாள் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உடனிருந்தோரும் பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பினர். ஒரு வாரம் கழிவதற்குள் மேஜர் மெக்காலேயின் படை பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, முற்றும் இடிக்கப்பட்டிருந்த மதில்கள் மீண்டும் எழுந்து நின்றன. அவற்றின்மேல் ஏறத்தாழ 1,500 பேர் காவல் நின்றனர். இதனைக் கண்ட திகைப்பை வெல்ஷ் மறைக்காமல் எழுதியுள்ளார். ஆறே நாளில் கோட்டை கட்டப்பட்டது என்று நாட்டு மக்களும் கூறுவர். பகைவர் எழுத்தும் மக்கள் வழக்கும் ஒத்து நிற்கும் அரிய இடம் இது.

ஆறு நாளில் 12 அடி மதில் எழுப்புதல் எங்ஙனம் இயலும் என்று மாணவர் வினவினர். காலத்தை நோக்குவார்க்கு இஃது ஓரளவு விளங்கும். பிப்ரவரித் தொடக்கம் தைத் திங்கள். பருவமழை ஓய்ந்து, கண்மாய்களில் நீர் நிற்கும் காலம். மண் இன்னும் ஈரம் உலராத காலம். அறுவடை ஒருவாறு முடிந்து கைகள் ஓயும் காலம். மண் பிசைய நீரும் சுமக்கத் தோளும் ஒருங்கே கிடைக்கும் பருவம் ஆண்டில் அதுவே. சித்திரையில் சிறை மீண்டிருந்தால் இம்மதில் இவ்வளவு விரைவில் எழுந்திருத்தல் அரிது என யாம் கருதுகின்றோம். எனினும் பருவம் துணை செய்யுமேயன்றிச் சுவர் எழுப்பாது. எழுப்பியவர் ஊர்ஊராக வந்த மக்கள்.

எழுந்த மதில் மூன்று திங்களுக்கு மேல் நின்றது. மார்ச் 31ஆம் நாள் நடந்த தாக்குதல் பேரிழப்புடன் முறியடிக்கப்பட்டது. கர்னல் அக்னியூ தலைமையில் புதிய படையும் பெரும் பீரங்கிகளும் வந்த பின்னரே மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரை சிவகங்கைச் சீமையில் மருது சகோதரரிடம் புகலடைந்தார். அங்கும் போர் முடிந்தபின் பிடிபட்டு, 1801 நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, கோட்டைகளையும் படைக்கலங்களையும் பாளையங்களிலிருந்து அறவே நீக்கிற்று. ஒரு கோட்டையை இடிப்பது போதாது, கோட்டை கட்டும் உரிமையையே நீக்கவேண்டும் எனக் கம்பெனியார் கண்டமைக்கு அந்த ஆறு நாள் உழைப்பும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

5. யாம் கண்டவை

இன்று பாஞ்சாலங்குறிச்சியில் கண்ணிற்படும் கோட்டை, 1974இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையாகும். நுழைவாயிலும் கொத்தளமும் கொண்டு பொலிவுடன் நிற்கும் அதனுள் கட்டபொம்மன் வரலாறு ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. அருகே அக்குடியினர் வழிபட்ட சக்கம்மாள் கோயில் உள்ளது. மாணவர்கள் அதனையே பழைய கோட்டை என எண்ணி முதலில் வியந்தனர். பின்னர் அதன் ஆண்டறிந்து வாளாவிருந்தனர்.

பழைய கோட்டையின் எச்சம் அதற்கு அப்பால் உள்ளது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968-69இல் நிகழ்த்திய அகழாய்வில் கட்டட அடித்தளங்கள் வெளிப்பட்டன. முழங்காலளவும் உயராத அவ்வடித்தளங்களைச் சுற்றி வருவதற்குச் சிறிது நேரமே போதும். மதில் நின்ற கோடு இதுவென நிலத்தைக் கொண்டு மட்டும் உறுதி கூறுதல் எளிதன்று. வேலிக்கருவை மண்டிய மேடுகளில் எது மதில், எது வயல்வரப்பு என்று மயங்குகின்றோம். அவ்வேலிக்கருவைதானும் பிற்காலத்தில் இந்நாட்டிற்கு வந்தது. கட்டபொம்மன் கண்டிருக்கக்கூடிய முள் உடைமுள்ளே.

அதே வட்டாரத்தில் 1799, 1801ஆம் ஆண்டுகளில் இங்கு மடிந்த ஆங்கிலேயரின் கல்லறைகள் உள்ளன. அவை கட்டப்பட்ட வடிவில் இன்றும் நிற்கின்றன. தாக்கியவர் நினைவு கட்டடமாய் நிற்க, காத்தவர் மதில் தடமின்றிப் போன நிலையை அங்கு நின்றபோது உணர்ந்தோம். மாணவரின் வினா அப்போது வேறு பொருள் பெற்றது. கோட்டை எங்கே உள்ளது? நிலத்தில் இல்லையெனின் சொல்லில் உள்ளதா?

6. உழுது வித்திடுதல்

கோட்டை எங்கே என்று யாம் அங்கிருந்த முதியவர் ஒருவரையும் வினவினோம். அவர் கையை நீட்டிக் காட்டி, “அந்தா, அங்கனதான். இடிச்சுப் போட்டு உழுது ஆமணக்கு வெதச்சுட்டாம்லா, ஐயா” என்றார். நேற்று நடந்ததைக் கூறுவார் போன்று அவர் கூறினார். கோட்டை இடித்து உழப்பட்டு அங்கே ஆமணக்கு விதைக்கப்பட்டது என்பது இவ்வட்டாரத்தில் பரவி நிற்கும் வழக்கு. இவ்வழக்கு இலக்கிய மாணவர் உள்ளத்தில் உடனே பழைய துறையொன்றை எழுப்புதல் வேண்டும்.

பகைவர் அரணை அழித்து, அவ்விடத்தைக் கழுதை பூட்டி உழுது, இழிந்த வித்துகளை விதைத்தல் சங்ககாலப் புறப்பாடல்களில் வென்றோரின் செயலாகப் பேசப்படுகின்றது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையாரின் புறப்பாட்டிலும் (15), அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டிலும் (392) இச்செயலைக் காணலாம். பின்னதில் வரகும் கொள்ளும் வித்தாகின்றன. தொல்காப்பியர் அரண் முற்றுதலையும் கொள்ளுதலையும் உழிஞைத் திணையாக வகுத்தார். பின்வந்த ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் உழிஞைப் படலத்துள் ‘உழுது வித்திடுதல்’ என்றே ஒரு துறை அமைத்தார். மாறவர்மன் முதலாம் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி, அவன் சோழநாட்டைக் கழுதையால் உழுவித்துக் கவடி விதைத்ததாகக் கூறும். தமிழகத்திற்கு வெளியேயும் இம்மரபு உண்டு. கலிங்க வேந்தன் காரவேலனின் அத்திகும்பாக் கல்வெட்டு, பகைவர் நகரமொன்றைக் கழுதை கொண்டு உழுதமையைக் கூறுகின்றது.

இவற்றோடு ஒப்பிட்டால் ஆமணக்கு வழக்கு இத்துறையின் வழிவந்தது என்பது தெளிவாகும். அங்ஙனமாயின் அது வெறும் கற்பனையோ என ஐயுறுவார் உளர். உரோமர் கி.மு. 146இல் கார்த்தேசு நகரை அழித்து உப்பு விதைத்தனர் என்பது உலகெங்கும் சொல்லப்படும் செய்தி. பண்டைய வரலாற்றாசிரியர் எவரும் உப்பைக் கூறவில்லை. நகர் அழிந்தது உண்மை. உப்பு பின்னர் வந்தது. பாஞ்சாலங்குறிச்சியிலும் இடிப்பு பகைவர் ஆவணங்களால் உறுதிப்படுவது. ஆமணக்கு அவ்விடிப்பிற்கு மக்கள் தந்த பொருள். ஆமணக்கு விதைத்தார்களா இல்லையா என வழக்காடுவதினும், ஏன் அவ்வாறு சொன்னார்கள் என ஆராய்வதே இலக்கியம் கற்றார்க்குரிய பணி.

இங்கு இரண்டு மாற்றங்கள் நோக்கத்தக்கன. முதலாவது, வித்தின் மாற்றம். வரகும் கொள்ளும் கவடியும் போய் ஆமணக்கு வந்துள்ளது. கழுதையும் மறைந்தது. ஆமணக்கு இக்கரிசற்காட்டு உழவர் தாமே பயிரிட்டு விளக்கெண்ணெய் எடுக்கும் பயிர். ஏட்டு மரபைப் படித்தவர் ஒருவர் இதனைப் புனைந்திருப்பின் கழுதையையும் வரகையும் விட்டிருக்கமாட்டார். தம் காட்டில் விளையும் பயிரைத் தாமே எடுத்து வைத்துப் பேசியவர் உழவரே. ஆகவே இத்துறை ஏட்டிலிருந்து வாய்மொழிக்கு இறங்கியதன்று. புலவர்க்கும் உழவர்க்கும் பொதுவாய் நிலத்தில் நிலைத்திருந்த ஒரு வழக்கு எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இரண்டாவது மாற்றம் இதனினும் பெரிது. சங்கப் பாடல்களில் உழுது வித்திட்டதைப் பாடியவர் வென்றவனின் புலவர். மெய்க்கீர்த்தி வென்றவனின் ஆணை. காரவேலன் கல்வெட்டும் அத்தகையதே. எல்லாவிடத்தும் இத்துறை வெற்றிச் செருக்கின் மொழி. பாஞ்சாலங்குறிச்சியிலோ இதனைச் சொல்பவர் தோற்றவரின் வழிவந்த ஊரார். வென்றவன் வாயில் பெருமிதமாய் இருந்தது தோற்றவர் வாயில் துயரமாயும் குற்றச்சாட்டாயும் மாறியுள்ளது. துறை அதுவே, வாய் மாறிற்று. உழிஞையின் துறையொன்று கையறுநிலையின் பொருளைத் தாங்கி நிற்கின்றது எனலாம். புறத்திணைத் துறைகளை அவற்றின் செயலால் மட்டும் வகுத்துக் காணாமல், யார் வாயிலிருந்து வருகின்றன என்பதனாலும் காண வேண்டும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

7. எட்டயபுரமும் ஒரு சொல்லும்

எம்முடன் வந்த மாணவருள் ஒருவர் எட்டயபுரத்தைச் சார்ந்தவர். நினைவுக் கோட்டையில் ஓவியங்களைக் கண்டு மற்றவர் உரையாடிய பொழுதெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில், தம் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் பிறர் நகைப்பதைத் தாம் இளமை முதல் கண்டு வருவதாகக் கூறினார். எட்டப்பன் என்பது எட்டயபுரத் தலைவர்க்கு வழிவழியாக வந்த பெயர். இன்று தமிழில் அது காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் அச்சொல்லைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது.

எட்டயபுரம் கம்பெனியார் பக்கம் நின்றது உண்மை. அதனை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. அவ்வூர்ப் படையினர் இருமுறையும் பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிராக நின்றனர். பின்னர் அப்பாளையத்தின் நிலங்கள் எட்டயபுரத்திற்கும் வேறு சில பாளையங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆயினும் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அப்பெயர் பழிச்சொல்லாகவில்லை, எட்டப்பன் பெயரே ஆயிற்று. இதற்குக் காரணம் அண்மை என்று யாம் கருதுகின்றோம். அருங்குளம், சுப்பலாபுரம் என்னும் ஊர்களைப் பற்றிய எல்லை வழக்கு இவ்விரு பாளையங்களுக்கும் இடையே முன்பே இருந்தது. இரு குடியும் ஒரே கம்பளத்தார் இனம். ஒரே மண்ணில் வரப்புக்கு வரப்பு நின்ற பகை, தொலைவிலிருந்தவனின் செயலினும் ஆழமாக மனத்தில் பதிந்தது.

எட்டயபுரத்தின் பக்கத்து வரலாறும் எழுதப்பட்டுள்ளது. கவிகேசரி சாமி தீட்சிதர் 1879இல் வெளியிட்ட ‘வம்சமணி தீபிகை’ அவ்வரச மரபின் புகழை விரித்துரைக்கும் நூல். அவ்வூரிற் பிறந்த பாரதியார் 1919இல் அந்நூலைத் திருத்திப் புதுக்கி எழுதித்தர விரும்பி அரண்மனைக்கு எழுதினார், அது நிறைவேறவில்லை. மறுபுறம், கட்டபொம்மன் கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு கம்பெனி ஆவணங்களைத் தழுவியது. ஒருவர் வெற்றியைச் சொல்ல ஒருவர் துயரைச் சொல்ல மற்றொருவர் ஆட்சியைச் சொல்கின்றார். இவற்றுள் ஒன்றை நடுவராக்கி மற்றவற்றைக் குற்றவாளியாக்குதல் முறையன்று.

வெல்ஷின் நூலில் வரும் நிகழ்ச்சியொன்றை இங்கு நினைவூட்டுதல் தகும். கோட்டை வீழ்ந்தபின், போரில் பட்ட மகனைத் தேடிக் களத்திற்கு வந்தாள் ஒரு தாய். உயிர் ஊசலாடிய நிலையில் அம்மகன், தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் தலைவனைக் காக்குமாறு வேண்டினான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று ஓர் ஊரில் மறைத்தாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது பெண்கள் அவர்மேல் துணி போர்த்தி, பெரியம்மை கண்டு இறந்த பிள்ளை என அழுது அரற்றினர். வந்தவர் அஞ்சி அகன்றனர். இதனை எழுதியவர் எதிரிப் படையினர். எழுதிய முறையில் வியப்பு உண்டு, வெறுப்பு இல்லை. கோட்டை வீழ்ந்த பின்னரும் காவல் வீழவில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. அத்தாயின் பெயரை அவர் எழுதவில்லை. ஆறு நாளில் மதில் எழுப்பிய கைகளுக்கும் பெயர் இல்லை. எட்டயபுரத்து ஆட்கள் என்னும் பொதுப்பெயருள் அஞ்சி விலகியோர்க்கும் பெயரில்லை. ஆனால் அவர்களின் ஊர் மட்டும் இன்றும் பெயர் சுமக்கின்றது.

8. முடிவுரை

பாளையங்கள் 1803இல் சமீன்களாயின; சமீன்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. எட்டயபுரத்து அரண்மனை காலத்தால் தளர்ந்து நிற்கின்றது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வயலோடு கலந்துள்ளது. வென்ற பக்கமும் தோற்ற பக்கமும் இன்று இருவகை இடிபாடுகள்.

இவ்வாய்வாற் பெறப்படும் கருத்துகளைத் தொகுத்துக் கூறுவாம். மண்ணரணின் வலிமை மதிலில் இல்லை, அதனைப் பேணும் மக்களிடம் உள்ளது. 1801ஆம் ஆண்டின் எழுச்சி இதற்குச் சான்று. ஆமணக்கு வழக்கு, புறத்திணையின் ‘உழுது வித்திடுதல்’ துறையோடு தொடர்புடையது. ஆயினும் அது வென்றோர் வாயினின்று தோற்றோர் வாய்க்கு மாறிப் பொருளும் மாறியுள்ளது. இம்மாற்றத்தைக் கரிசல் வட்டாரத்து ஊர்கள்தோறும் சென்று, அவ்வழக்கின் வேறுபட்ட வடிவங்களைத் தொகுத்து ஆராய்தல் வேண்டும். எட்டயபுரத்தைச் சார்ந்த ஊர்களில் இதே கதை எவ்வாறு கூறப்படுகின்றது என்பதையும் சேர்த்தே தொகுத்தல் வேண்டும். ஒருபக்க வாய்மொழியை மட்டும் கொண்டு எழுதும் வரலாறு, ஒருபுறச் சுவர் மட்டும் எழுப்பிய கோட்டை போன்றது.

எட்டயபுரத்து மாணவர் அப்பணியைத் தம் ஆய்வுப் பொருளாக ஏற்றுள்ளார். கோட்டை எங்கே என வினவிய மாணவரும் அவருடன் செல்ல இசைந்துள்ளார். அவ்வினாவிற்கு விடை ஒட்டப்பிடாரத்து மேட்டில் மட்டும் இல்லை. அம்மேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் பேசும் முதியோரிடம் உள்ளது. அவர்கள் இருக்கும்போதே சென்று கேட்டல் நம் கடமை.